பெரியவர்களின் கடும் எக்ஸிமா: வடசென்னையில் சிகிச்சை பெற முழுமையான வழிகாட்டி

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் எக்ஸிமாவோடு காலம் தள்ளும் பெரியவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். முதலில் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய ஒரு ட்யூப். பூசிய நாலு நாள் அடங்கும், விட்டதும் திரும்பும். பிறகு தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி. ஒரு மாதம் நிம்மதி, அப்புறம் முன்பைவிட மோசம். நடுவில் மீன், கருவாடு, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்திப் பார்த்திருப்பார்கள். கடைசியில் "இது போகாத வியாதி" என்று முழுக்கைச் சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

இந்த நோய்க்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. பலவும் நம் பகுதியிலேயே, அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கின்றன. நமக்குத் தவறிப்போவது வரிசையும் அளவும்தான். எதை முதலில் செய்வது, எவ்வளவு பூசுவது, எத்தனை வாரம் பார்ப்பது, எப்போது அடுத்த படிக்குப் போகச் சொல்லிக் கேட்பது: இதை ஒவ்வொன்றாகச் சேர்ந்தே பார்த்துவிடுவோம். மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் வேலை. அவர் சொல்வதைப் புரிந்துகொண்டு, சரியான கேள்வியைக் கேட்கிற நிலைக்கு நாம் வர வேண்டும்.

முதலில், இது எக்ஸிமாதானா?

பெரியவர்களுக்கு வரும் எக்ஸிமா முழங்கை மடிப்பு, முழங்கால் பின்புறம், கழுத்து, கண் இமை, கைகள் ஆகிய இடங்களில் அதிகம் தெரியும். நம் நிறத் தோலில் அது சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. கருத்து, தடித்து, சொரசொரப்பாக, கோடு கோடாக இருக்கும். சிறுவயதில் வீசிங், அடுக்குத் தும்மல் இருந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ சந்தேகம் வலுக்கும். அரிப்பே இல்லாத எக்ஸிமா அநேகமாகக் கிடையாது.

ஆனால் அரிக்கிறதெல்லாம் எக்ஸிமாவும் இல்லை. வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு ராத்திரியில் அரித்தால், விரல் இடுக்கில் சின்னக் கொப்புளம் இருந்தால், சொறிப்பூச்சியாக இருக்கலாம். ஒரே அறையில் பலர் தங்கும் இடங்களில் இது சுலபமாகப் பரவும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் தீரும்.

வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து, தொடை இடுக்கிலும் இடுப்பிலும் பரவினால் அது படர்தாமரை. இதில்தான் இப்போது பெரிய குழப்பம். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த க்ரீமை மாதக்கணக்கில் பூசியதால், படர்தாமரை தன் வட்ட வடிவத்தை இழந்து எக்ஸிமா போலவே தெரியும். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சின்னப் பரிசோதனை போதும், விடை கிடைத்துவிடும். கேட்டுச் செய்துகொள்வோம்.

ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக உடம்பெல்லாம் வந்தால், மருத்துவர் தோலில் சிறு துண்டு எடுத்து பயாப்ஸி பார்க்கச் சொல்லலாம். அரிதான சில தோல் நோய்கள் எக்ஸிமா வேஷத்தில் வரும். அதற்குத்தான் இந்தப் பரிசோதனை. பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

எவ்வளவு தீவிரம்? ஒரு தாளும் பேனாவும் போதும்

மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்கள் பல. வீட்டிலேயே போடக்கூடியது 'போயம்' எனப்படும் மதிப்பெண். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உருவானது. ஏழே கேள்விகள். போன ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரித்தது? எத்தனை நாள் தூக்கம் கெட்டது? எத்தனை நாள் ரத்தம் கசிந்தது? நீர் வடிந்தது? வெடித்தது? செதில் உதிர்ந்தது? வறண்டு சொரசொரத்தது?

ஒரு நாளும் இல்லை என்றால் 0. ஒன்று, இரண்டு நாள் என்றால் 1. மூன்று, நாலு நாளுக்கு 2. ஐந்து, ஆறு நாளுக்கு 3. தினமும் என்றால் 4. ஏழையும் கூட்டினால் அதிகபட்சம் 28 வரும். 8 முதல் 16 வரை நடுத்தரம். 17 முதல் 24 வரை கடுமை. 25 முதல் மிகக் கடுமை.

இன்னொரு கணக்கும் உண்டு. விரல்களோடு சேர்த்து நம் உள்ளங்கை அளவு என்பது உடம்புத் தோலில் சுமார் 1 சதவீதம். பத்து உள்ளங்கைக்கு மேல் பரவியிருந்தால் லேசானது என்று விட முடியாது. கையிலும் முகத்திலும் மட்டும் இருந்தாலும், அதனால் வேலை நின்றுபோகிறது என்றால் அதுவும் கடுமைதான்.

இந்த எண்ணைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்போம். "டாக்டர், ரொம்ப அரிக்குது" என்பதைவிட "போன மாசம் 22, இந்த மாசம் 19" என்று சொன்னால் சிகிச்சையை மாற்றுவதா வேண்டாமா என்று அவரால் சட்டென்று முடிவெடுக்க முடியும்.

எங்கே போவது?

பழைய ஜெயில் சாலையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான் இந்தப் பகுதிக்கு முதன்மையான இடம். 1938 முதல் மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது, தோல் நோய்ப் பிரிவு உண்டு. எண்ணூர், திருவொற்றியூரிலிருந்து வருபவர்கள் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கலாம். ஓ.பி. காலையில்தான். சீக்கிரம் போய்ச் சீட்டு போட்டுவிட்டால், பரிசோதனைகளையும் அன்றைக்கே கொடுத்துவிட வாய்ப்பு அதிகம்.

கம்பெனியில், கான்ட்ராக்டில் வேலை செய்பவர்கள் சம்பளச் சீட்டைப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடித்து, முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். பிடிக்கிறார்கள் என்றால் அது நம் பணம், பயன்படுத்துவோம். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொடங்கி, கடிதம் வாங்கி, அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, மருத்துவச் சான்றின் பேரில் சம்பளத்தில் 70 சதவீதம் வரை, ஆண்டுக்கு 91 நாள் வரை பணப்பயன் கிடைக்கும். தோல் நோய்க்கும் இது பொருந்தும்.

தனியார் டாக்டரிடம் போவதாக இருந்தால், தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.டி.வி.எல். படித்தவரா என்று போர்டைப் பார்த்துக்கொள்வோம்.

என்ன கொண்டுபோவது?

இதுவரை பூசிய எல்லா ட்யூபும், காலியானதும் சேர்த்து. சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை. பொட்டலத்தில் வந்த பொடி, லேகியம் இருந்தால் அதுவும். சுகர், பிரஷர் மருந்துச் சீட்டு. நோய் மோசமாக இருந்த நாளில் எடுத்த போட்டோ. நாம் மருத்துவரைப் பார்க்கும் நாளில் தோல் நன்றாக இருப்பது வழக்கமாக நடப்பது, அப்போது போட்டோதான் பேசும்.

வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போவோம். ஏன் என்பது பின்னால் வரும்.

வேலையை எழுதிக்கொள்வோம்

இந்தப் பகுதிக்காரர்கள் தவறவே விடக்கூடாத படி இது. உடம்பிலேயே எக்ஸிமா தன்மை உள்ளவர்களுக்குத் தோலின் மேல்படலம் ஈரத்தைப் பிடித்து வைக்காது, வெளிப்பொருளைத் தடுத்து நிறுத்தவும் செய்யாது. அந்தத் தோலோடு நாம் செய்யும் வேலைகளைப் பாருங்கள்.

காசிமேட்டில் ஐஸும் உப்புத் தண்ணீரும் மீன் கழிவும் நாள் முழுக்கக் கையில். ஃபைபர் படகு ரிப்பேரில் ரெசினும் கண்ணாடி நாரும். கட்டட வேலையில் சிமென்ட், அதில் உள்ள குரோமியத்துக்கு ஒவ்வாமை வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். ஒர்க்‌ஷாப்பில் கூலன்ட், கட்டிங் ஆயில், கிரீஸ். ரப்பர் கையுறையில் சேர்க்கும் ரசாயனங்களுக்கே சிலருக்கு ஒவ்வாமை. வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குப் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் ப்ளீச்சிங் பவுடரும். தலைச்சாயத்திலும் கருப்பு மருதாணியிலும் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் காதோரம், நெற்றி, இமை என்று வீங்க வைக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தபோது, கையால் அள்ளி வாரிய மீனவர்கள் தோல் அரிப்போடு மருத்துவ முகாமுக்கு வந்ததை நாம் மறக்க முடியாது.

ஆகவே மூன்று விஷயங்களை எழுதுவோம். தினமும் கை படும் பொருட்கள், அவற்றின் டப்பாவில் உள்ள பெயரோடு. லீவு நாட்களில், ஊருக்குப் போனபோது குறைகிறதா என்பது. கூட வேலை செய்பவர்களுக்கும் இருக்கிறதா என்பது. ஒரு வாரம் லீவில் போனால் ஆறி, வேலைக்குத் திரும்பிய நாலாம் நாள் கிளம்பினால், வேலையிடம்தான் காரணம் என்பதற்கு அதுவே பெரிய துப்பு.

ரசாயனம், பெயின்ட் பட்டு வரும் தோல் அழற்சி 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்கப்பட வேண்டிய நோய்ப் பட்டியலிலேயே இடம்பெற்றது. ஆகவே இதை மருத்துவரிடம் சொல்வதற்கும் சீட்டில் எழுதச் சொல்வதற்கும் தயங்க வேண்டியதில்லை. வேறு பிரிவுக்கு மாற்றிக் கேட்க அந்தச் சீட்டு உதவும்.

பேட்ச் டெஸ்ட் என்றால்?

வேலையிடத்துப் பொருளோ, க்ரீமோ காரணம் என்று சந்தேகம் வந்தால் செய்வது. முதுகில் சின்னச் சின்னப் பொருட்களை ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். மறுபடி 72 அல்லது 96 மணி நேரத்தில் பார்ப்பார்கள். ஆக, ஒரே வாரத்தில் மூன்று முறை போக வேண்டும். அந்த நாட்களில் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் இதைச் செய்வது பெரும்பாடு, மார்கழி, தையில் தேதி கேட்டு வாங்குவது நல்லது. முதுகில் நோய் இருந்தாலோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ முடிவு சரியாக வராது. ரத்தத்தில் நூறு வகை அலர்ஜி பார்க்கிறோம் என்று பல ஆயிரம் வாங்கும் டெஸ்ட் இதற்கு மாற்று ஆகாது. அந்தக் காசைச் சேமிப்போம்.

முதல் படி: குளியலும் பூச்சும்

மருந்தே இல்லாத இந்தப் படியைப் பாதிப்பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் மற்ற எல்லா மருந்தும் இதன் மேல்தான் நிற்கிறது.

குளியல் ஐந்து முதல் பத்து நிமிடம். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக வரும், அப்படியிருந்தால் கடைசி இரண்டு சொம்பு மெட்ரோ வாட்டரில் ஊற்றிக்கொள்வோம். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும். நார் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்தில் பூச்சு போட்டுவிட வேண்டும்.

எதைப் பூசுவது? விலை உயர்ந்த மாய்ஸ்சரைசர்தான் வேண்டும் என்பதில்லை. வாசனை சேராத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, லிக்விட் பாரஃபின் கலவை நன்றாக வேலை செய்யும். தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை. பெரியவர்களிடம் பிலிப்பைன்ஸில் நடந்த ஓர் ஆய்வில், சுத்தத் தேங்காய் எண்ணெய் ஆலிவ் எண்ணெயைவிட நன்றாகவே பலன் தந்தது. கடுகு எண்ணெய் எரிச்சல் தரும், தவிர்ப்போம். நம் புழுக்கத்தில் பகலில் கெட்டி ஆயின்ட்மென்ட் பூசினால் வேர்க்குரு வரும். பகலில் லேசான லோஷன், ராத்திரியில் ஆயின்ட்மென்ட் என்று பிரித்துக்கொள்வோம்.

எவ்வளவு? இங்கேதான் எல்லோருக்கும் ஆச்சரியம். உடம்பு முழுக்கப் பூச வாரத்துக்கு 250 கிராமாவது வேண்டும், கடுமையாக இருந்தால் 500 கிராம் வரை. ஐம்பது கிராம் ட்யூப் வாங்கி மாதம் முழுக்க வைத்திருந்தால் பலன் எப்படி வரும்? பெரிய டப்பாவாகக் கேட்டு வாங்குவதே மலிவு.

வெல்டிங், கேஸ் கட்டிங் வேலை செய்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பாரஃபின், எண்ணெய்ப் பூச்சு ஊறிய துணி தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. வேலைக்குப் போகும் முன் பாரஃபின் பூச்சு வேண்டாம், வேலைச் சட்டையைத் தனியாக வைப்போம். அடுப்படிக்கும் பீடி, சிகரெட்டுக்கும் இதே எச்சரிக்கைதான்.

கிரீஸ் போக மண்ணெண்ணெய், தின்னர், துணி சோப்புத்தூள் போட்டுக் கை கழுவும் வழக்கத்தை இன்றே விடுவோம். கொஞ்சம் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, மென்மையான சோப்பு போதும். கையுறைக்குள் பருத்தி உறை போட்டு, அது வியர்வையில் நனைந்தால் மாற்றுவோம்.

இரண்டாம் படி: ஸ்டீராய்டு க்ரீம், சரியான அளவில்

ஸ்டீராய்டு என்றதும் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. ஒன்று, பயந்து பொட்டு வைப்பதுபோலத் தொட்டுப் பூசுவது. மற்றொன்று, சீட்டே இல்லாமல் முகத்துக்கு வெளுப்பு க்ரீமாக வருஷக்கணக்கில் பூசுவது. 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது, இப்படி நடப்பதால்தான்.

இடத்துக்கு ஏற்றபடி வீரியம் மாறும். முகம், கழுத்து, இடுக்குகளுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையானது. கை, காலுக்கு மோமெட்டசோன் போன்றது. தடித்துப்போன உள்ளங்கை, பாதத்துக்கு மட்டும், குறுகிய காலத்துக்கு, க்ளோபெட்டசால் போன்ற கடும் வீரியம். ஒருவருக்குக் கொடுத்ததை வீட்டில் இன்னொருவர் முகத்தில் பூசக்கூடாது.

அளவுக்கு விரல்நுனிக் கணக்கு இருக்கிறது. ஆள்காட்டி விரலின் முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் அரை கிராம், இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். ஒரு கைக்கு மணிக்கட்டுக்குக் கீழே 1, மேலே தோள் வரை 3. ஒரு காலுக்கு 6, பாதத்துக்கு 2. நெஞ்சும் வயிறும் 7, முதுகுக்கு 7. முகமும் கழுத்தும் இரண்டரை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கால், இரண்டு பாதம் முழுக்க நோய் இருந்தால் 16 விரல்நுனி, அதாவது 8 கிராம். நாளுக்கு ஒரு தடவை பூசினாலும் 15 கிராம் ட்யூப் இரண்டு நாள் வராது. "பூசினேன், கேட்கலை" என்று சொல்லும் பலருக்கு மருந்து தோற்கவில்லை, அளவு போதவில்லை. மருத்துவர் எழுதும்போதே எத்தனை ட்யூப், எத்தனை நாளுக்கு என்று கேட்டுவிடுவோம்.

நாளுக்கு ஒரு தடவை பூசினால் போதும், பூச்சுக்கும் மருந்துக்கும் நடுவே கால் மணி நேரம் விடுவோம். தோல் தொட்டால் வழவழப்பாகும் வரை, பெரும்பாலும் இரண்டு முதல் நாலு வாரம், பூச வேண்டும். அரிப்பு நின்ற அன்றே நிறுத்தினால் திரும்பிவிடும். ஆறிய பிறகும், வழக்கமாகக் கிளம்பும் இடங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் பூசச் சொல்வார்கள். சனி, ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பல மாதம் நோயைத் தள்ளி வைக்கும் வழி இது.

இமை, முகம், கழுத்துக்கு டாக்ரோலிமஸ் ஆயின்ட்மென்ட் நல்ல மாற்று. தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் எரியும், ஒரு வாரத்தில் அடங்கும். இது தெரியாமல் இரண்டாம் நாளே தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

தூக்கம் போனால்?

அலர்ஜி மாத்திரை எக்ஸிமாவின் அரிப்பை அதிகம் குறைப்பதில்லை. தூக்கம் வரவைக்கும் வகையைச் சில ராத்திரிகளுக்குக் கொடுப்பார்கள். கன்டெய்னர் லாரி, கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் வேலையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மறுநாள் காலை வரை மயக்கம் நிற்கும்.

கடுமையான சில நாட்களுக்கு ஈரக்கட்டு உதவும். பூச்சும் மருந்தும் போட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பழைய பருத்தி வேட்டித் துணியைச் சுற்றி, மேலே உலர்ந்த துணி. மருந்தின் வீரியத்தை இது கூட்டும், அதனால் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும்.

மூன்றாம் படி: ஒளி சிகிச்சை

பூச்சும் க்ரீமும் சரியான அளவில் நாலு முதல் எட்டு வாரம் செய்தும் போயம் எண் இறங்கவில்லையா? அப்போது அடுத்த படியைக் கேட்கும் நேரம். நேரோபேண்ட் யூ.வி.பி. என்ற ஒளிப்பெட்டிக்குள் சில நிமிடம் நிற்பது. வாரத்துக்கு இரண்டு, மூன்று தடவை, சுமார் மூன்று மாதம். கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம். சிக்கல் நேரம்தான். தினக்கூலிக்கும் ஷிஃப்டுக்கும் இது ஒத்துவராமல் பாதியில் விட்டவர்கள் அதிகம். போக முடியாது என்றால் முதலிலேயே சொல்லி, மாத்திரைக்குப் போவது மேல்.

நான்காம் படி: மாத்திரைகள்

தொடங்கும் முன் பரிசோதனைகள் உண்டு. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், மஞ்சள் காமாலை பி மற்றும் சி, எச்.ஐ.வி., நெஞ்சு எக்ஸ்ரே. இந்த மருந்துகள் நோய் எதிர்ப்பை அடக்குபவை, உள்ளே உறங்கும் டி.பி. விழித்துவிடக்கூடும். வீட்டில் டி.பி. இருந்ததா என்று முன்பே கேட்டுவைக்கச் சொன்னது இதற்காக.

மெத்தோட்ரெக்ஸேட் விலை மலிவு, நீண்ட காலம் எடுக்கலாம். வாரத்துக்கு ஒரே நாள்தான். திரும்பச் சொல்கிறேன், வாரத்துக்கு ஒரு நாள். தினமும் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. ஒரு கிழமையைக் குறித்து, காலண்டரில் வட்டம் போட்டு, வீட்டில் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுப்போம். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இந்த மருந்து எடுக்கும் காலத்தில் மது கல்லீரலைக் கெடுக்கும். குடிக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வோம், அவர் வேறு மருந்து தேர்ந்தெடுப்பார்.

சைக்ளோஸ்போரின் வேகமாக வேலை செய்யும், சில வாரத்திலேயே தெரியும். எடைக்கு ஏற்ப அளவு. பிரஷரும் கிரியேட்டினினும் முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பிரஷரைப் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்து எழுதிக்கொண்டு வரலாம். ஒன்றிரண்டு ஆண்டுக்கு மேல் நீட்ட மாட்டார்கள். பம்பளிமாஸ், கிரேப் ஃப்ரூட் வகைப் பழங்களைத் தவிர்க்க வேண்டும்.

அசதியோப்ரின் மூன்றாவது வழி. நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஆய்வில், கடும் எக்ஸிமா உள்ள பெரியவர்களிடம் இதுவும் மெத்தோட்ரெக்ஸேட்டும் பன்னிரண்டு வாரத்தில் நோயை ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்தன. மலிவான பழைய மருந்துகளுக்கு இது நல்ல மதிப்பெண். இந்தியர்களில் சிலருக்கு மரபணு காரணமாக அசதியோப்ரினால் வெள்ளையணு வேகமாகக் குறையும். அதனால் முதல் மாதங்களில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.

ப்ரெட்னிசலோன் மாத்திரையும் ஊசியும்? பெரிய தீ அணைக்க ஓரிரு வாரம் என்றால் சரி. மாதம் ஓர் ஊசி என்று போனால் சுகர் ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். நிறுத்தியதும் நோய் பாய்ந்து வரும்.

புதிய மருந்துகள்

ட்யூபிலுமாப் ஊசிக்கு 2017இல் அமெரிக்கா அனுமதி தந்தது. முதல் தடவை 600 மி.கி., பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி. பெரிய சோதனைகளில் பதினாறு வாரத்தில் நூறில் 36 முதல் 38 பேருக்குத் தோல் ஏறத்தாழ முழுதாகத் தெளிந்தது. மருந்தில்லா ஊசி போட்டவர்களில் அது பத்துப் பேர்தான். கண் சிவந்து உறுத்துவது முக்கியமான பக்கவிளைவு.

ஜாக் தடுப்பான்கள் எனப்படும் மாத்திரைகள் சில நாளிலேயே அரிப்பை இறக்கும். டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப் ஆகியவை நம் நாட்டு ஜெனரிக்கில் கிடைப்பதால் இவற்றை எழுதுவது பெருகிவருகிறது. நல்ல மருந்துகள், ஆனால் விளையாட்டு இல்லை. அக்கி, டி.பி., ரத்தக்கட்டி ஆபத்து உண்டு. 65 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள் மிகக் கவனமாக முடிவெடுக்க வேண்டும்.

எவ்வளவு ஆகும்?

ஸ்டான்லியிலும் ஈ.எஸ்.ஐ.யிலும் ஆலோசனை, பரிசோதனை, இருப்பில் உள்ள மருந்து எல்லாம் இலவசம். போக்குவரத்தும் ஒரு நாள் கூலியும்தான் செலவு. வெளியே வாங்க வேண்டியவற்றை மக்கள் மருந்தகம், 2025 முதல் வந்துள்ள முதல்வர் மருந்தகம் ஆகியவற்றில் ஜெனரிக் பெயர் சொல்லிக் கேட்போம்.

தனியாரில் உத்தேசக் கணக்கு இது. பூச்சுக்கும் க்ரீமுக்கும் மாதம் சில நூறிலிருந்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வரை. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை மாதம் சில நூறுக்குள் அடங்கும், அதைவிட ரத்தப் பரிசோதனைக்குத்தான் கூட ஆகும். ஒளி சிகிச்சை தடவைக்குச் சில நூறு. சைக்ளோஸ்போரின் மாதம் பல ஆயிரம். ட்யூபிலுமாப் மாதம் பல பத்தாயிரங்கள், வருடக்கணக்கில். கடன் வாங்கி இரண்டு ஊசி போட்டு நிறுத்துவதைவிட, மெத்தோட்ரெக்ஸேட்டை ஒழுங்காக ஆறு மாதம் எடுப்பது பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரியான முடிவு என்பதே என் எண்ணம்.

ஜாக்கிரதை

மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோஸ்போரின் எடுக்கும்போது உடம்புவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக்கூடாது, பாராசிட்டமால் போதும். மெத்தோட்ரெக்ஸேட்டோடு கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாட்டிக் ஆபத்து. எந்தக் கிளினிக்குப் போனாலும் "வாரம் ஒரு நாள் மாத்திரை சாப்பிடுறேன்" என்று முதலில் சொல்வோம்.

குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள், ஆணோ பெண்ணோ, முதல் நாளே சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் மெத்தோட்ரெக்ஸேட் கூடவே கூடாது.

பெயர் ஒட்டாத பொடியிலும் எண்ணெயிலும் ஸ்டீராய்டோ உலோகமோ கலந்திருக்கலாம். சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் அரும்பாக்கம் அரசு சித்த மருத்துவமனை இருக்கிறது. அங்கே கொடுப்பதையும் தோல் மருத்துவரிடம் காட்டுவோம்.

சாப்பாடு: பெரியவர்களின் எக்ஸிமாவுக்கு உணவு காரணமாக இருப்பது குறைவு. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடித்து வீங்கினால் ஒழிய, மீனை நிறுத்த வேண்டாம். கடலோரக் குடும்பத்துக்கு அதுதான் மலிவான புரதம்.

உடனே ஓட வேண்டிய நேரம்

காய்ச்சலோடு, ஒரே அளவில் குழி விழுந்த சின்னக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி வலித்தால், அது ஹெர்பிஸ் கிருமி பரவுவது. அதுவும் கண் பக்கம் வந்தால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக்கூடாது. உடம்பு முழுக்கச் சிவந்து, உரிந்து, குளிர் நடுக்கம் எடுத்தாலும் அப்படியே. ராத்திரி இரண்டு மணியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுவோம். சீழ், மஞ்சள் பொருக்கு, நெறி கட்டுவது என்றால் மறுநாள் காலை ஓ.பி.

மூன்று மாதம் கழித்து

நோட்டை எடுத்துப் போயம் எண்ணைப் பார்ப்போம். 20இல் தொடங்கியது 8க்குக் கீழே வந்திருந்தால் அதே மருந்தைத் தொடர்வோம். பாதிகூடக் குறையவில்லை என்றால், முதலில் அளவும் நாளும் சரியா, வேலையிடத்துப் பொருள் இன்னும் படுகிறதா என்று பார்த்து, பிறகு "அடுத்த படி என்ன?" என்று மருத்துவரிடம் நேராகக் கேட்போம்.

தெளிந்துவிட்டால் மாத்திரையை நாமாக நிறுத்த வேண்டாம். ஆறு மாதமாவது தோல் அமைதியாக இருந்த பிறகு மருத்துவர் படிப்படியாக அளவைக் குறைப்பார். குறைக்கும் காலத்தில் ராத்திரிப் பூச்சும் சனி, ஞாயிறு க்ரீமும் தொடரும். நடுவில் கிளம்பினால், ஒரு வாரம் தினமும் க்ரீம் பூசி, அடங்காவிட்டால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் ஓ.பி. சீட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.